தனக்கோடியின் கைராசி

பீர்க்கன்கரணையில் எந்த வீட்டு மாட்டுக்கு வலி கண்டாலும் முதலில் ஆள் ஓடுவது தனக்கோடி வீட்டுக்குத்தான். தாம்பரத்து மாட்டு ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போவார்கள். அங்கிருந்து டாக்டர் வந்து சேர்வதற்குள் அவள் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, உள்ளே மடங்கிக் கிடக்கும் கன்றின் காலை நேராக்கி, வெளியே இழுத்து, வைக்கோலால் துடைத்துத் தாயின் முன்னால் போட்டிருப்பாள். டாக்டர் ஒரு ஊசி போட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். பெயரெல்லாம் அவளுக்குத்தான்.

கூலி என்று அவள் எதையும் வாங்கியதில்லை. மறுநாள் ஒரு செம்பு சீம்பாலும் வெற்றிலை பாக்கும் வரும். "தனக்கோடி கை வச்சா போதும், கைராசி அப்பிடி" என்று நாலு பேர் காதுபடச் சொல்வார்கள். அதைக் கேட்க அவளுக்கு எத்தனை பிடிக்கும் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிடிக்காமல் என்ன செய்யும்? கணவன் துளசிங்கம் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போட வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மறு வருஷமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஓர் ஓட்டு வீடு, ஒரு கொட்டகை, ஒரு மாடு, ஒரு மகள். பெயரில் மட்டும் கோடி. சொத்து என்று அவள் நினைத்தது தன் வலது கையைத்தான்.

அந்தக் கைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கன்று விழுந்த பிறகு இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி விழ வேண்டும். பால் நிற்காமல் சுரக்க, அதை வைக்கோலில் சுற்றிக் கோணியில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். பால் வடிகிற மரம் என்பதால் ஆலமரம். இதில் ஒரு நிபந்தனை இருந்தது. பொழுது சாய்வதற்குள் மூட்டை மரத்துக்குப் போய்விட வேண்டும். இளங்கொடி ஓர் இரவு வீட்டில் தங்கினால் மாட்டின் மடி வற்றிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. காலையில் ஈன்ற மாட்டுக்கு மூன்று மணி வரை கொடி விழவில்லை என்றால் வீட்டுக்காரர்கள் தவிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தனக்கோடி தவிக்க மாட்டாள். கையை உள்ளே விட்டு, கொடியை முறுக்கிப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். தன் கையில் இளங்கொடி நின்றதே இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மகள் காந்தாவை 93 தை மாதம் குன்றத்தூரில் கொடுத்தாள். மாப்பிள்ளை எத்திராஜ் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். வாய் அதிகம் இல்லாத பிள்ளை. அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் அம்மா அங்காளம்மா இருந்தாள். நிச்சயத்தன்று அங்காளம்மா கேட்டது பெரிதாக எதுவும் இல்லை. "பொண்ணோட கன்னும் மாடுமா அனுப்பி வையி, போதும்" என்றாள். அப்போது சிகப்பி என்கிற அந்தக் கலப்பு மாடு சினையாக நின்றிருந்தது. ஆனியில் ஈன்றதும் ஓட்டிவிடுகிறேன் என்று தனக்கோடி வாக்குக் கொடுத்தாள்.

ஆனியில் சிகப்பி ஈன்றது. சாயங்காலம் நாலு மணி வரை இளங்கொடி விழவில்லை. தனக்கோடி வழக்கம் போல இழுத்துச் சுற்றி மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் கன்று கழிச்சல் கண்டு செத்தது.

ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்து வருவது வழக்கம். அழைத்து வந்தாள். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போக வேண்டும். ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று, ஆள் வரவில்லை. தனக்கோடி பஸ் ஏறிப் போய்க் கேட்டதற்கு அங்காளம்மா குரலை உயர்த்தாமலே பதில் சொன்னாள்.

"கோச்சுக்காத சம்மந்தி. கன்னு செத்த மாட்ட நட வாசல்ல கட்டினா வூட்டுக்கு ஆவாது. அடுத்த ஈத்து ஈனட்டும். கன்னோட மாட்ட ஓட்டிகினு வா, பொண்ணையும் கூடவே இட்டுகினு வா. எங்க ஓடிடப் போறோம்?"

ஐப்பசியில் சிகப்பிக்குச் சினை ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் மாடு கத்தவே இல்லை. பருவத்துக்கு வந்தால்தானே கத்தும்? மூன்று மாதம் கழித்து ஊசி போடுகிறவர் வந்து கையை விட்டுப் பார்த்து, "கனமா கீதுக்கா, சினைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே காந்தா காலண்டரை எடுத்து, ஐப்பசியிலிருந்து எண்ணி, ஆடி மாதத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு அவள் சிகப்பிக்குச் செய்த பணிவிடை பெற்ற தாய்க்குச் செய்ததில்லை. பருத்திக்கொட்டையைத் தானே ஆட்டினாள். ஏரியிலிருந்து பச்சைப்புல் அறுத்து வந்தாள். மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மா, உள்ள அசையுது" என்பாள்.

தனக்கோடிக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. விடிந்ததும் கொட்டகைக்குப் போனால் சில நாள் மாடு படுத்திருந்த இடத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வடிந்திருக்கும். வாடை அடிக்கும். சினை மாட்டுக்கு அப்படி வடியாது என்று அவள் கை அறியும். ஆனால் கை அறிந்ததை மனம் ஒத்துக்கொள்ள வேண்டுமே. காந்தா எழுந்து வருவதற்குள் வாலைக் கழுவி, தரையில் சாணியைக் கரைத்து ஊற்றிவிடுவாள். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. சினைச் சூடு, அதுதான் இறங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாராவது இன்னொருத்தி வந்து தன் மாட்டுக்கு வடிவது சினைச் சூடு என்று சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டி அனுப்பியிருப்பாள்.

சித்திரையில் பால் சொசைட்டி சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். கால்நடைக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், ஈன்ற மாடுகளின் கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து பார்க்கிறார், இலவசம் என்று அதில் இருந்தது. டாக்டர் சாம்பசிவன் அந்த வாரம் முழுக்க ஜீப்பில் வந்து போனார். கூடவே லாசரஸ் என்கிற அட்டெண்டர். சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு நீள ஒயர், ஒயர் முனையில் ஒரு கட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஜன்னல் வழியாகக் கரண்டு இழுத்துப் பெட்டியை ஓட்டினார்கள். மாட்டுக்கு டிவி போடுகிறார்கள் என்று தெருவே கூடி நின்றது.

"நம்ம மாடு சினை. சினை மாட்டுக்கு இன்னாத்துக்கு அது?" என்றாள் தனக்கோடி.

"சினையா இருந்தா கன்னு தெரியுமாம் மா. தலை, காலு, நெஞ்சு துடிக்கிறது எல்லாம் தெரியுமாம்" என்றாள் காந்தா. "பாத்துட்டேன்னு அவுருக்கு ஒரு லெட்டர் போடுவேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காந்தாவே போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

சாம்பசிவன் நாற்பது வயதைத் தாண்டியவர். தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் சாணத்தை வாரி வெளியே போட்டுவிட்டு, கட்டையைக் கைக்குள் பொத்தி உள்ளே கொண்டுபோனார். லாசரஸ் வாலைப் பிடித்துக்கொண்டான். காந்தா பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். திரையில் சாம்பல் நிறமாக ஏதேதோ ஓடியது. பிறகு நடுவில் கறுப்பாக ஒரு குளம் விரிந்தது.

"அதானே சார் கன்னு? கறுப்பா கீதே அதுவா?"

டாக்டர் கையை உள்ளே மெல்ல நகர்த்தினார். அந்தக் கறுப்புக் குளத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடி மிதந்தது. அவர் கை அசையும்போதெல்லாம் பொடி கிளம்பிச் சுழன்று மறுபடி அடியில் படிந்தது. தனக்கோடிக்கு ஸ்கேனும் தெரியாது, திரையும் தெரியாது. ஆனாலும் அந்தப் பொடியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. விடியற்காலையில் அவள் கழுவிவிட்டது அதுதான்.

"தலை எது சார்?" என்றாள் காந்தா.

"தலை இல்லம்மா. கன்னு இல்ல." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கன்னா இருந்தா தண்ணி சுத்தமா கறுப்பா தெரியும், உள்ள கன்னோட உருவம் இருக்கும். இது சீழ். கர்ப்பப்பை பூரா சீழ் கட்டியிருக்கு."

"கத்தவே இல்லியே சார். ஊசி போட்டதுல இருந்து ஒரு நாளு கூட கத்தல."

"கத்தாதும்மா. உள்ள நிறைஞ்சு இருக்கறதால மாட்டோட உடம்பே சினைன்னு நம்பிடும். கையை விட்டுப் பாக்கறவங்களும் கனமா இருக்குன்னு ஏமாந்துடுவாங்க. அதைப் பிரிச்சுக் கண்டுபிடிக்கத்தான் இந்த மிஷினை எடுத்துக்கிட்டுச் சுத்தறேன்."

காந்தா எழுந்திருக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் அவரிடம் ஒரு தாள் இருந்தது. எப்போது ஈன்றது, கன்று என்ன ஆயிற்று என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்.

"இளங்கொடி தானா விழுந்துதா?"

"இல்ல. எடுத்தோம்."

"யாரு எடுத்தாங்க?"

"நான்தான்."

"உங்க பேரு?"

"தனக்கோடி."

பேனா நின்றது. மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த லாசரஸ் சும்மா இருக்க மாட்டாமல், "சார், எல்லா வூட்லயும் சொன்னாங்களே, அந்த அம்மாதான் சார் இவுங்க" என்றான். டாக்டர் அவனை முறைத்தார். முறைத்து என்ன பிரயோசனம், சொன்னது சொன்னதுதான்.

"எல்லா வூட்லயும் இன்னா சொன்னாங்க?" என்றாள் தனக்கோடி.

அவர் தயங்கினார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "இந்த ஊர்ல இதுவரைக்கும் பத்தொம்பது மாடு பாத்திருக்கேன். பதினொண்ணுல கர்ப்பப்பை கெட்டிருக்கு. அதுல எட்டு மாட்டுக்குக் கொடியை நீங்க எடுத்ததா சொன்னாங்க." உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "எல்லாமே அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. தொழுவம் அழுக்கா இருந்தாலும் வரும், வேற காரணமும் இருக்கும். ஆனா கொடியை இழுக்கக் கூடாது. தானா விழ அரை நாள்கூட ஆகும். அதுக்கு மேல விழலேன்னாலும் டாக்டரைக் கூப்பிடணுமே தவிர கை வைக்கக் கூடாது. இழுத்தா ஒரு துண்டு உள்ளயே நின்னுபோகும். அது அழுகித்தான் இப்படி ஆகுது."

"பொழுது சாயறதுக்குள்ள மரத்துல கட்டணுமே சார்" என்றாள் அவள். சொன்ன பிறகு அந்த வார்த்தை தன் காதுக்கே எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்று உணர்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பார்த்தது இப்போது ஊரில் நிற்கிற மாடுகளைத்தான். நிற்காத மாடுகளை அவள் அல்லவா அறிவாள்! ஏகநாதன் வீட்டுக் கறுப்பு மாடு இரண்டு வருஷம் சினை பிடிக்காமல் அடிமாட்டு லாரியில் போயிற்று. சாமுண்டீஸ்வரியின் கொம்பில்லாத மாடு, அதுவும் அப்படித்தான். தெருக்கோடி வீட்டு அம்மணி தன் மாட்டை லாரியில் ஏற்றிவிட்டு அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம கையில இன்னா கீது, தலையெழுத்து" என்று தேற்றியவளே தனக்கோடிதான். ஒவ்வொரு மாட்டின் முகமும் கண்ணுக்கு முன் வந்து நின்றது. அத்தனை பேருடைய சீம்பாலையும் அவள் வாங்கிக் குடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கம் போல எண்ணெயும் சீப்புமாக மகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காந்தா ஒன்றும் சத்தம் போடவில்லை. தலையை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். நானே வாரிக்கிறேன்."

தனக்கோடி சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். இதற்குப் பதில் மகள் தன்னை நாலு அடி அடித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

டாக்டர் சாம்பசிவன் விட்டுவிடவில்லை. ஊசி போட்டார். சீழ் குடம் குடமாக இறங்கியது. வைகாசியில் ஒரு முறை, ஆனியில் இரண்டு முறை வந்து பெட்டியை வைத்துப் பார்த்தார். கடைசித் தடவை உறையை மெல்லக் கழற்றினார். சீழ் போய்விட்டது, ஆனால் கர்ப்பப்பைச் சுவர் தடித்துக் கெட்டுப்போயிருக்கிறது, இனிமேல் சினை தங்காது என்றார். "இந்த ஆராய்ச்சியால வரப்போற மாடுங்களுக்கு நல்லது நடக்கும்மா" என்றும் சொன்னார். அவர் வரையில் அது உண்மைதான். சிகப்பிக்கு அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை.

காந்தா யாரிடமும் சொல்லாமல் மறுநாளே குன்றத்தூருக்குப் போனாள். மாடு இல்லாவிட்டாலும் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று கடைசி வரை நம்பியிருக்கிறாள், பாவம். மதியமே தன் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவளாகவே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாடே மலடா பூட்ச்சாம். அந்த வூட்டுப் பொண்ணு எப்பிடி இருக்குமோன்னு கேக்கறாங்க."

"மாப்ள இன்னா சொன்னாரு?"

"உள்ளதான் இருந்தாரு. வெளிய வர்ல."

ஆடியில், காலண்டரில் வட்டம் போட்டிருந்த தேதிக்கு நாலு நாள் முன்னால், அடிமாட்டு லாரி வந்தது. சிகப்பி பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. மூன்று ஆண்கள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. "நீ வாக்கா, உன் கைக்குத்தான் அது கேக்கும்" என்றான் லாரிக்காரன். தனக்கோடி போய் அதன் முதுகில் கை வைத்தாள். பேசாமல் ஏறிவிட்டது. லாரி போன பிறகு கொட்டகைக்குள் போய், காலி முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

புரட்டாசியில் பக்கத்துத் தெரு சம்பந்தத்தின் மாடு காலை பதினோரு மணிக்கு ஈன்றது. நாலு மணிக்கு அவர் ஓடி வந்தார். "இளங்கொடி விழல, பொழுது போவுது, வா தனக்கோடி."

போனாள். தொழுவத்து வாசலிலேயே கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். "தொடாத அண்ணா. தானா வுழட்டும். காலைல வரைக்கும் வுடு, வுழலேன்னா ஆஸ்பத்திரிக்கு ஆளு அனுப்பு."

"காலைலயா? மடி வத்திட்டா நீயா பால் ஊத்துவே?"

"இழுத்தா உள்ள நின்னுபூடும் அண்ணா. சீழ் கட்டும். என் மாடு அப்பிடித்தான் போச்சு. ஏகநாதன் மாடு, அம்மணி மாடு எல்லாம் என் கையாலதான் போச்சு. நான் சொல்றேன், கேளு."

இந்த வார்த்தையைத் தெருவில் நாலு பேர் நடுவே சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. சொல்லிவிட்டு, காறித் துப்புவார்கள் என்று காத்து நின்றாள். சம்பந்தம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உன் கையாலயாவது போறதாவது. மாடும் பூட்ச்சி, பொண்ணு வாழ்க்கையும் இப்பிடி ஆயிடுச்சி, அதான் ஏதோ பேஜார்ல பேசற. முப்பது வருசமா உன் கைராசி எங்களுக்குத் தெரியாதா?"

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே இறங்கினார். அவள் குறுக்கே போய் நின்று பார்த்தாள், விலக்கிவிட்டார்கள். இழுத்தார். வந்தது. வைக்கோலில் சுற்றிக் கோணியில் கட்டி அவள் கையில் கொடுத்தார். "இத்தயாவது உன் கையால கட்டிட்டு வா. பால் நல்லா எறங்கும்."

தனக்கோடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. காந்தா. அம்மாவோடு அவள் சேர்ந்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆலமரத்தில் பழைய மூட்டைகள் இருபது முப்பது தொங்கின. பாதி அவள் கட்டியவை. இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

கீழே உட்கார்ந்து கோணியைப் பிரித்தாள். வைக்கோலை விலக்கி, கொடியைத் தரையில் விரித்து, ஓரம் ஓரமாகக் கையால் தடவிக்கொண்டே வந்தாள்.

"முழுசா கீதா?" என்றாள் காந்தா.

ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. அந்தத் துண்டு அங்கே இல்லை.

"இல்ல."

பெட்டியோடு வந்த டாக்டர் சித்திரை முதல் ஆனி வரை பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜீப் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. காந்தா சம்பந்தத்தின் வீடு இருந்த திசையைப் பார்த்தாள்.

"போய்ச் சொன்னா நம்புவாங்களா மா?"

"நம்ப மாட்டாங்க."

பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. தனக்கோடி கொடியை மறுபடி வைக்கோலில் சுற்றி, கோணியில் முடிந்து, எட்டிய கிளையில் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. காந்தா வந்து கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.